பாதிப் பீப்பாய்

சுப்பம்மா தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய் மீன் தொட்டியோடு சாத்தி வைத்தபோது, தொட்டியில் ஒரே ஒரு மீன்தான் மிச்சமிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம், மாசி மாதம். டாக்டரையா பிடித்துவரச் சொன்ன பன்னிரண்டில் பதினொன்று மூன்றே நாளில் செத்து மிதந்தன. மிஞ்சிய ஒன்று இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, அரிசி களைந்த நீரின் நிறத்தில் நின்றது. சோற்றுப் பருக்கையை மசித்துப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

“இது சாவப் போவுதுங்கய்யா,” என்றாள் சுப்பம்மா. “நோவு ஒண்ணும் இல்ல. தொணைக்கு ஆளு இல்ல.”

டாக்டரையா சிரித்தார். “மீனுக்குத் தொணையா? நீ என்ன, மீன் பாஷை படிச்சவளா?”

“பாஷை எதுக்குங்க? ஓடையில தனியா ஒரு மீனு போறத நீங்க பாத்திருக்கீங்களா?”

அவர் பார்த்திருக்கவில்லை. நானும் பார்த்திருக்கவில்லை. சுப்பம்மா என் பெண்சாதி. நான் அன்று ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். தேயிலை ஃபெக்டரியில் இஞ்சின் பெல்ட்டில் சிக்கி என் இடது கைச் சுண்டுவிரல் நசுங்கியிருந்தது. டாக்டரையா துணி சுற்றிக்கொண்டிருக்க, நான் வலியை மறக்க அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைச் சாத்தியதும் அது முதலில் இன்னும் ஒடுங்கியது. பிறகு மெல்லத் திரும்பியது. நான் கட்டு முடிந்து எழுந்தபோது, கண்ணாடியில் தெரிந்த தன் நிழலுக்குப் பக்கத்தில் போய், அது நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தது. மறுநாள் அதற்கு நிறம் வந்துவிட்டதென்று சுப்பம்மா வந்து சொன்னாள். முன்பாதி சிவப்பு, பின்பாதி கறுப்பு.

எங்கள் தோட்டம் இலங்கையில் தெரணியகலைக்கு மேலே இருந்தது. அடிவாரத்தில் ரப்பர், மேலே தேயிலை. டாக்டரையா என்று நாங்கள் சொன்னவர் டாக்டர் அல்ல, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களும் தமிழ் படிப்பவர்கள்தான். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். சுப்பம்மாவுக்கு இரண்டாவது பிள்ளையும் செத்தே பிறந்தபிறகு அவளால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியவில்லை. அவர்தான் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லி, ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கும் லேசு வேலையில் அவளைப் போட்டார். அதற்காக அவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலைப்பாகையை அவிழ்த்தேன்.

மீன் அவருடைய பைத்தியம். கொழும்பில் யாரோ வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துத் தொட்டி செய்வித்திருந்தார். ஆனால் மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றியது அவர்தான். சுப்பம்மா அதைக் கொட்டிவிட்டு ஓடைத் தண்ணீர் கொண்டுவந்தாள். அடியில் ஓடை மணலும், வாடி விழுந்த இலைகளும் போட்டாள். தண்ணீர் தேநீர்ச் சாயத்தில் நாலில் ஒரு பங்கு நிறத்துக்கு வந்தபிறகு, “இப்ப வீடு மாதிரி இருக்கு,” என்றாள்.

பிறகு துணைக்கு ஆள் பிடிக்கப் போனாள். ரப்பர் மலைக்குக் கீழே நிழல் ஓடை. முழங்கால் நீரில் நின்று, பழைய சேலைத் துண்டின் நாலு முனையையும் நானும் அவளுமாகப் பிடித்து, நடுவில் தவிடு தூவிக் காத்திருந்தோம். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சிங்கள நாட்டுப் பெண் ஒருத்தி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சுப்பம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மீனைத் தூக்கிக் காட்டியதும் அந்தப் பெண் சிரித்து, “புலத் ஹபயா!” என்றாள். வெற்றிலை மெல்பவன் என்று அர்த்தமாம்.

“சரியாத்தான் பேரு வச்சிருக்காங்க,” என்றாள் சுப்பம்மா. “நம்ம பெரிய கங்காணி சம்சாரத்த தண்ணியில தள்ளுனா இப்படித்தான் இருக்கும்.”

பதினாலு கிடைத்தன. ஓடைத் தண்ணீரோடேயே குடத்தில் கொண்டுவந்து, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தில் சேர்த்து, சாயங்காலம்தான் உள்ளே விட்டாள். ஒன்றுகூடச் சாகவில்லை. முகக் கண்ணாடியை வீட்டுக்கே எடுத்துவந்துவிட்டாள். அவை பதினைந்தும் ஒரே முந்தானையை இழுத்த மாதிரி திரும்பும். யாராவது கதவைப் படீரென்று சாத்தினால் ஒரு மூலையில் ஒன்றாகி நிறம் விட்டுப்போகும். சுப்பம்மாவின் கை பட்டால் மட்டும் போகாது. காய்ச்சலோடு வருகிறவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பார்கள். துரைகூட நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அவற்றுக்கு உயிருள்ள தீனி வேண்டுமென்று புத்தகத்தில் இருந்தது. நுளம்புப் புழு, அதாவது கொசுப்புழு. இதில்தான் சங்கடம். தோட்டம் முழுவதும் தேங்கிய தண்ணீரைத் தேடிப் பிடித்து மண்ணெண்ணெய் ஊற்றுவது டாக்டரையாவின் உத்தியோகம். அவர் வீட்டுப் பின்னாலேயே புழு வளர்த்தால் துரை என்ன சொல்வார்? அதனால் ரப்பர்ப் பால் கழுவும் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து, ஐந்தாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். அது எங்கள் காம்பரா, லயத்து வரிசையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. தண்ணீரும் கொஞ்சம் தவிடும் அழுகிய இலையும் போட்டு, மேலே சாக்கு மூடினோம். நாலாம் நாள் பீப்பாய் முழுக்கப் புழு நெளிந்தது.

சுப்பம்மாவுக்குப் பயம். “ஐயா, இதுல காய்ச்சல் வராதுங்களா?”

அவர் ஒரு வெள்ளைக் கோப்பையில் புழுவை மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். நானும் பக்கத்தில் நின்றேன். “நல்லாப் பாத்துக்க. இது தலைகீழாத் தொங்குது, பாத்தியா? வாலு மேல, தலை கீழ. இது கடிக்கும், அவ்வளவுதான். காய்ச்சல் குடுக்கிற ஜாதி வேற. அது தண்ணி மேல குச்சி மாதிரி படுத்துக் கெடக்கும். அது அழுக்குத் தண்ணியில வராது, தெளிஞ்ச தண்ணியிலதான் வரும். படுத்துக் கெடக்கிறத எப்பவாவது பாத்தா எனக்கு வந்து சொல்லு.”

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் சாக்கை விலக்கி, குனிந்து, எல்லாம் தொங்குகின்றனவா என்று பார்த்தபிறகுதான் மொண்டு எடுப்பாள். டாக்டரையா வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் டின்னோடு லயத்தைச் சுற்றி வருவார். எங்கள் காம்பராவுக்கு முன்னால் வந்ததும் திரும்பிவிடுவார். “என் எண்ணெய் அந்தப் பக்கம் ஓடாது,” என்று கண்ணைச் சிமிட்டுவார்.

பக்கத்துக் காம்பரா காத்தமுத்து தினமும் கேலி செய்வான். “ஊருல கோழி வளப்பாங்க, ஆடு வளப்பாங்க. நீங்க புருசனும் பொஞ்சாதியுமா கொசு வளக்குறீங்க. சந்தைக்கு எப்ப கொண்டு போறீங்க?” அவனுடைய ஆறு வயது மகன் மட்டும் எங்கள் காம்பராவை விட்டுப் போகமாட்டான். காரணம், சுப்பம்மா குஞ்சு பொரித்திருந்தாள். பெரிய மீன்கள் தங்கள் முட்டையைத் தாங்களே தின்றுவிடுகின்றன என்று கண்டுபிடித்து, முட்டை ஒட்டியிருந்த பாசியைத் தனியாக எடுத்து வந்திருந்தாள். துரை பங்களாவின் மின்சார பேட்டரியிலிருந்து கழித்துப்போட்ட தடித்த கண்ணாடிப் பெட்டி ஒன்று ஃபெக்டரியில் கிடந்தது. அதன் திராவகம் போக ஒரு மாதம் கழுவினேன். அதில் ஏழு குஞ்சுகள், ஒவ்வொன்றும் ஒரு சீரகம் அளவு. அடுப்பு வெளிச்சத்தில் அந்தப் பச்சைக் கண்ணாடிக்குள் அவை ஏழும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். எங்கள் காம்பராவில் எங்களைத் தவிர வேறு உயிர்கள் இருந்தது அந்த ஆறு மாதம்தான்.

அந்த வருஷம் மழை இல்லை. ஓடை அறுந்து குட்டை குட்டையாக நின்றது. ஆறும் அப்படித்தான் என்றார்கள். பாறைக்கிடையில் தெளிந்த தண்ணீர், அடி மணல் தெரியும். கார்த்திகையில் நாட்டுப் பக்கம், சிங்களக் கிராமங்களில் காய்ச்சல் என்று சேதி வந்தது. மார்கழிக்குள் எங்கள் லயங்களுக்கு வந்துவிட்டது. நடுக்கம் வந்தால் மூன்று கம்பளி போர்த்தி மேலே ஆள் படுத்தாலும் அடங்காது. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். டாக்டரையா கொயினா மருந்துப் போத்தலோடு ஓடிக்கொண்டிருந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். சுப்பம்மா அவர் பின்னால் வாளியோடு ஓடினாள். இதற்கிடையில் அவள் ஒரு நாள் ஓடைக்குப் போய் வந்து அவரிடம் சொன்னாளாம், குட்டைகளில் குச்சி மாதிரி படுத்துக் கிடக்கிறது என்று. “பாத்தேன், பாத்தேன், எத்தனை மைல் ஆத்துக்கு நான் எண்ணெய் ஊத்துறது?” என்றாராம்.

காத்தமுத்துவின் மகன் மார்கழி எட்டாம் நாள் செத்தான். ஒன்பதாம் நாள் காத்தமுத்து வந்து பீப்பாயை மூடியிருந்த சாக்கை உருவி எறிந்துவிட்டு, அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றான். பத்தாம் நாள், ஐந்தாம் நம்பர் லயத்தில் மீனுக்குத் தீனிபோட்டுப் பிள்ளைகளைக் கொல்கிறார்கள் என்ற பேச்சு மூன்றாம் நம்பர் வரைக்கும் போய்விட்டது. பெரிய கங்காணி துரையிடம் சொல்லப்போகிறார் என்றார்கள்.

அன்று மத்தியானம் டாக்டரையா இஞ்சின் காம்பராவுக்கு வந்தார். அவர் அங்கே வந்ததே இல்லை. கையில் வெள்ளைத் தாளும் மைக்கூடும் இருந்தன. இஞ்சின் சத்தத்தில் என் காதோடு குனிந்து பேசினார்.

“சின்னத்தம்பி, நாளைக்குக் காலையில தொரை விசாரிக்கப் போறாரு. பீப்பா என்னுதுன்னு வந்தா நாளைக்கே என்னைய அனுப்பிடுவாரு. நான் போனா இங்க கொயினா அளந்து குடுக்க யாரு இருக்கா? யோசிச்சுப் பாரு. எத்தனை உசிரு.”

நான் யோசித்தேன்.

“சுப்பம்மாதான் வச்சான்னு எழுதிடு. பொம்பளைன்னா தொரை ரெண்டு ஏச்சு ஏசிட்டு விட்டுடுவாரு. தோட்டத்துக் கணக்குல அவ பேரு வெட்டுப்படாது, அதுக்கு நான் பொறுப்பு. லேசு வேலையும் போவாது. காய்ச்சல் அடங்குனதும் நானே தொரைகிட்டத் தனியாச் சொல்லி எல்லாத்தையும் சரிபண்ணுறேன். இந்தத் தாளு ஆபீசுக்குள்ளதான் இருக்கும். நீ எழுதுனா நம்புவாங்க.”

லயங்களில் இந்தியாவுக்குக் காகிதம் எழுதுவதும் வந்த காகிதத்தைப் படிப்பதும் நான்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்து, பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத் தேறியவன். என் கையெழுத்து அச்சு மாதிரி என்பார்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘டாக்டரையா பலமுறை எச்சரித்தும் நான் கேட்கவில்லை’ என்ற வரி வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். “அது இல்லாட்டி தாளுக்குப் பெறுமதி இல்ல,” என்றார். எழுதினேன். மை கசியாமல், வரி கோணாமல், ஒற்று ஒன்றும் விடாமல் எழுதினேன். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கைநாட்டு வாங்க வீட்டுக்குப் போனேன். சுப்பம்மா அப்போதுதான் யாருடைய வாந்தியையோ கழுவிவிட்டு வந்து, குஞ்சுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க இது?”

“ஆஸ்பத்திரி வேலைக்கு. காய்ச்சல் நேரம் இல்லியா, வேலை செய்யுறவங்க பேரெல்லாம் எழுதி அனுப்புறாங்க.”

“கூடக் காசு குடுப்பாங்களாமா?”

“குடுப்பாங்களா இருக்கும்.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள். நான் மை தடவி, தாளில் வைத்து, அந்த விரலை இரண்டு பக்கமும் உருட்டினேன். அவள் தாளைப் பார்த்து, “எவ்வளவு அழகா எழுதிருக்கீங்க,” என்றாள்.

மறுநாள் விடியும்போது தப்பு அடித்தார்கள். பெரட்டுக்களத்தில் நடக்கக் கூடியவர்கள் எல்லோரும் நின்றோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பனி புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. துரை கல்படியில் நின்றார். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு முடித்ததும் டாக்டரையா முன்னால் வந்து, கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஆபீசுக்குள்ளேயே இருக்கும் என்ற தாள். உரக்கப் படித்தார்.

‘சின்னத்தம்பி பெண்சாதி சுப்பம்மா ஆகிய நான், யாருக்கும் தெரியாமல், என் சொந்த யோசனையின் பேரில், லயத்தின் பின்னால் பீப்பாயில் தண்ணீர் தேக்கி நுளம்பு வளர்த்தது உண்மை…’

நான் எழுதிய வரிகள் அவர் குரலில் எவ்வளவு ஒழுங்காக வந்தன. அவர் படிக்கப் படிக்க, பெண்கள் வரிசையில் சுப்பம்மாவுக்கு இந்தப் பக்கம் நின்றவள் ஓரடி தள்ளினாள். அந்தப் பக்கம் நின்றவளும் தள்ளினாள். பின்னால் இருந்தவர்களும் விலகினார்கள். படித்து முடித்தபோது அவள் தனியாக நின்றாள்.

அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். மை இன்னும் முழுக்கப் போயிருக்கவில்லை. பிறகு துரையைப் பார்த்து, சத்தமாக, தெளிவாகப் பேசினாள்.

“தொரைங்களே, அது தலைகீழாத் தொங்குற புழுங்க. படுத்துக் கெடக்குற புழு இல்லீங்க. தொங்குற புழுவுல காய்ச்சல் வராதுங்க. படுத்துக் கெடக்குறது ஓடையில இருக்குதுங்க. ஐயாதான் எங்களுக்குக் காட்டுனாங்க.”

“என்னா சொல்றான் இந்தப் பொம்பளை?” என்றார் துரை, தன் அரைகுறைத் தமிழில். ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். புழு தொங்குகிறது, படுக்கிறது என்று ஒரு பெண் துரையிடம் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது.

டாக்டரையா துரையிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். பார்டன் என்ற ஒரு சொல் எனக்குப் புரிந்தது. அவள் மன்னிப்புக் கேட்கிறாளாம். துரை தலையாட்டினார்.

“எங்க வீட்டு ஆளுக்கும் தெரியுங்க,” என்றாள் சுப்பம்மா. “பக்கத்துலதான் நின்னாங்க. கேட்டுப் பாருங்க.”

கணக்கப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “ஏய் சின்னத்தம்பி, ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?”

டாக்டரையா என்னைப் பார்க்கவில்லை, தாளை மடித்துக்கொண்டிருந்தார். காத்தமுத்து என்னைப் பார்த்தான். அவள் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றேன்.

லேசு வேலை அந்தக் களத்திலேயே போயிற்று. துரை அபராதமும் போட்டார். பெரட்டுக் கலைந்ததும் கோடரியோடு நாலு பேர் வந்து பீப்பாயை உடைத்தார்கள். பேட்டரிக் கண்ணாடியைக் காத்தமுத்து வெளியே எடுத்துவந்தான். கொஞ்ச நேரம் அதற்குள் பார்த்தான். அவன் மகன் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு தண்ணீரைத் தரையில் சரித்துவிட்டு, பெட்டியை உடைக்காமல் சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். ஏழு குஞ்சும் எங்கே போயின என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சிறியவை. துரை அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரிய தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “இது என்னா சாப்பிடுது?” என்று கேட்டாராம். “சோறு, சேர்,” என்றாராம் டாக்டரையா. ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நின்றவர்கள் சொன்னார்கள்.

சுப்பம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மறுநாள் கூடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினாள். மலையில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நிரை, அந்தப் பக்கம் ஒரு நிரை கொழுந்து பறிக்காமலே விட்டார்கள். பீலிக் குழாயில் தண்ணீருக்குப் போனால் குடங்களை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். வீட்டில் சமைத்தாள், எனக்குப் போட்டாள், வேண்டியதற்குப் பேசினாள். “உப்பு வாங்கணுங்க”, “வெறகு நனைஞ்சிருச்சுங்க.” அந்த ‘ங்க’வை அவள் விடவே இல்லை.

நான் டாக்டரையாவிடம் போனேன், போகாமல் இல்லை. “தொரைகிட்டச் சொல்லுறேன்னீங்களே,” என்றேன். “இந்த நேரத்துலயா?” என்றார். “ஆளுங்க கொதிச்சுப் போயிருக்காங்க. அடங்கட்டும்.” தொட்டியில் மீன்கள் எட்டாகியிருந்தன. இலைகளை யாரோ எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். எட்டும் நிறமில்லாமல் அடியில் கிடந்தன. “இதுங்களுக்கு என்னமோ ஆச்சு,” என்றார். “அவகிட்டக் கேட்டுச் சொல்லேன்.” நான் கேட்டுச் சொல்லவில்லை.

தை பிறந்த அன்று சுப்பம்மாவுக்கு நடுக்கம் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அவளுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. டாக்டரையா வாசல்வரை வந்து கொயினாவைக் கண்ணாடிக் குவளையில் கலந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவள் தலையை மடியில் வைத்துக் குவளையை வாயருகே கொண்டுபோனேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“எந்தக் கையாலங்க எழுதுனீங்க?” என்றாள்.

குவளை என் வலது கையில் இருந்தது.

“அப்ப எடது கையால குடுங்க,” என்றாள்.

சாவு வீட்டுக் காரியத்துக்குக்கூட யாருக்கும் இடது கையால் எதையும் கொடுக்காத ஜனங்கள் நாங்கள். குவளையைக் கை மாற்றினேன். சுண்டுவிரல் கோணலாகவே கூடிப்போயிருந்தது, பிடி சரியாக நிற்கவில்லை, பாதி அவள் கழுத்தில் வழிந்தது. மீதியைக் குடித்தாள். அதற்குப்பிறகு நாலு நாளும் மருந்து, கஞ்சி, வெந்நீர் எல்லாம் அந்தக் கையால்தான் கொடுத்தேன். ஒரு தடவை வழியாமல் கொடுத்தபோது, “பழகிட்டீங்க,” என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

ரப்பர் மரங்களுக்குக் கீழே, வேர் இல்லாத இடம் பார்த்துக் குழி வெட்டினோம். வெட்ட ஆள் இல்லை. காத்தமுத்து கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்தான். இடுப்பளவு ஆழம் போகும்வரை வெட்டினான். பிறகு குனிந்தபடியே கேட்டான். “அந்தப் பீப்பா யாருது?”

“டாக்டரையாவுது. அந்தப் புழுவுல காய்ச்சலும் வராது. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.”

அவன் வெட்டுவதை நிறுத்தவில்லை. “இப்பச் சொல்றியாக்கும்,” என்றான்.

பங்குனியில் காய்ச்சல் அடங்கியது. டாக்டரையாவைக் கஹவத்தைப் பக்கம் ஒரு பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு உயர்த்தி அனுப்பினார்கள். காய்ச்சல் காலத்து ஊழியத்துக்காகத் துரை கையால் நற்சாட்சிக் காகிதம். பெரிய கங்காணி மாலை போட்டார். போகிற அன்று காலையில் அவர் எங்கள் காம்பராவுக்கு நடந்தே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

“இது ஒண்ணுதான் மிச்சம்,” என்றார். “அவளுக்கு ரொம்பப் பிடிக்குமே. நீயே வச்சுக்க.”

டின்னில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். அதற்குள் ஒன்று, அரிசி களைந்த நீரின் நிறத்தில்.

அவர் இன்னும் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. “நானும் எவ்வளவோ பாத்தேன், சின்னத்தம்பி. என் கையில ஒண்ணும் இல்லாமப் போச்சு,” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யென்றும் நான் எழுதமாட்டேன்.

அவருடைய கழுத்தில் கை வைக்க வேண்டுமென்று எனக்குள் ஒன்று எழுந்தது. அதற்குமுன் என் கை தலைப்பாகைக்குப் போயிருந்தது. “சரிங்கய்யா,” என்றேன்.

அவர் போனபிறகு பேட்டரிக் கண்ணாடியைக் கழுவினேன். ஓடையில் இப்போது நீர் ஓடியது. மணலும் தண்ணீரும் வாடிய இலையும் கொண்டுவந்து, அவள் செய்த மாதிரியே சாயங்காலம்வரை பொறுத்து மீனை உள்ளே விட்டேன். அது ஒரு மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் எதையும் தின்னவில்லை. சாகப்போகிறது என்று தெரிந்தது.

அவளுடைய முகக் கண்ணாடி சுவர்ப் பொந்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் பொட்டு வைத்த விரலைத் துடைத்த சிவப்பு. அதைத் துடைக்காமல் எடுத்து, பெட்டியின் பக்கத்தில் சாத்தி வைத்தேன். மீன் ஒடுங்கியது. பிறகு திரும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய், அங்கே நின்ற இன்னொன்றுக்குப் பக்கத்தில், அது நின்ற மாதிரியே நின்றது.

மறுநாள் விடிந்து பார்த்தபோது முன்பாதி சிவந்திருந்தது. நான் தவிட்டைக் கிள்ளிப் போட்டேன். மேலே வந்து கொத்திவிட்டு, அவசரமாகத் தன் துணையிடமே திரும்பிப் போயிற்று. இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று குனிந்தேன். கண்ணாடியில் அந்த இரண்டு மீன்களுக்குப் பின்னால் என் முகம் பெரிதாக வந்து விழுந்தது. மீன் சட்டென்று நிறம் விட்டது.

நான் கண்ணாடியில் விழாத இடமாகப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தேன்.